ஆடிப்போன படம்

1987 பிப்ரவரி. எனக்குப் பதிமூன்று வயது. ஒரத்தநாட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து முதல் முறையாக மெட்ராஸ் போயிருந்தேன். பெரம்பூரில் குடியிருந்த சித்தப்பா ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தட்டி எழுப்பி, "வாடா, ரேஸ் பாக்கப் போவோம்" என்றார். குதிரைப் பந்தயம்தான் என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் கல்கத்தா ரோட்டில் செங்குன்றம் தாண்டி எங்களைச் சோழவரத்தில் இறக்கிவிட்டது.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்ட விமான ஓடுபாதை அது. போர் முடிந்து விமானங்கள் போன பிறகு, 1950-களிலிருந்து மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே கார், பைக் பந்தயங்களை நடத்தி வந்தது. ஊரே திரண்டு வந்ததுபோல் கூட்டம். மோட்டார் சைக்கிள்கள் தூரத்தில் புள்ளியாகத் தெரிந்து, காது அடைக்கிற சத்தத்தோடு எங்களைத் தாண்டிப் போய், மறுபடி புள்ளியாகின. அவை போன பிறகு ஒரு வாசனை நின்றது. எரிந்த விளக்கெண்ணெய் வாசனை. என் தாத்தா வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்து வண்டி அச்சுக்குப் பூசுவார். அந்த மையின் வாசனை. நம்ம வீட்டு வண்டி வாசனை இங்கே எப்படி வந்தது என்று அன்று முழுக்க யோசித்தேன்.

சித்தப்பாவிடம் ஒரு ஆக்ஃபா கிளிக் 3 இருந்தது. கறுப்புப் பெட்டி மாதிரி இருக்கும். 120 பிலிம் ரோல் ஒன்று போட்டால் பன்னிரண்டு படம். அதில் எட்டை மெரினாவுக்கும் வீட்டு ஆட்களுக்கும் ஒதுக்கிவிட்டு, ரேஸுக்கு நாலு படம் என்று கணக்குப் போட்டு வந்திருந்தார். எனக்கு ஒன்று தந்தார். நான் அமுக்கியபோது வண்டி இருந்தது. படத்தில் வெறும் பாதைதான் விழுந்தது. மூன்றாவது படத்தைச் சித்தப்பா எடுத்தபோது நான் அவர் இடுப்பை ஒட்டி நின்றேன். ஒரு சிவப்பு பைக் அவரை அப்படியே இழுத்துக்கொண்டு போனது. கேமராவைக் கண்ணில் வைத்தபடி, இடமிருந்து வலமாக, இடுப்போடு முழுசாகத் திரும்பிக்கொண்டே அமுக்கினார். அப்படி எடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கண்ணை எடுக்க மனசில்லாமல் திரும்பினார், அவ்வளவுதான்.

சித்திரை லீவில் சித்தப்பா ஊருக்கு வந்தபோது தஞ்சாவூரில் ஒரு ஸ்டூடியோவில் ரோலைக் கழுவக் கொடுத்தோம். நெகட்டிவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த ஸ்டூடியோக்காரர், "இது கை ஆடிப்போச்சு சார், பிரிண்ட் போட வேணாம்" என்றார். சித்தப்பா காசு கொடுத்துப் போடச் சொன்னார். வீட்டில் எல்லாரும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஓட்டுகிறவரின் ஹெல்மெட்டும் பெட்ரோல் டேங்கும் தெளிவாக இருந்தன. பின்னால் இருந்த ஜனங்கள் மட்டும் சீப்பால் வாரிவிட்ட மாதிரி கோடு கோடாகப் போயிருந்தார்கள். "மழையில எடுத்தியாடா?" என்று பாட்டி கேட்டாள். படம் உறைக்குள் போனது. உறை டிரங்குப் பெட்டிக்குள் போனது.

சித்தப்பா 2021-ல் காலமானார். காரியம் முடிந்து சித்தி பெட்டியைத் திறந்து, "உனக்குத்தான் இது" என்று அந்த உறையைக் கொடுத்தார்.

தஞ்சாவூரில் கல்யாண போட்டோ எடுக்கிற தம்பி ஒருவர் எனக்குப் பழக்கம். பழைய பிரிண்டை ஸ்கேன் செய்ய அவரிடம் கொண்டுபோனேன். கையில் வாங்கியவர் ஒரு நிமிஷம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "அண்ணே, சுத்தமான பேனிங் இது. யாரு எடுத்தது?"

பேனிங் என்ற சொல்லை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன். ஓடுகிற பொருளோடு கேமராவும் அதே வேகத்தில் திரும்ப வேண்டும். ஷட்டர் கொஞ்சம் மெதுவாகத் திறந்து மூட வேண்டும். அப்போது பொருள் நிற்கும், உலகம் ஓடும். மோட்டார் பந்தயப் படக் கலையின் அரிச்சுவடியே இதுதான் என்றார். முப்பத்து நாலு வருஷம் எங்கள் வீட்டில் கெட்டுப்போன படமாக இருந்தது அப்போது எங்கள் வீட்டின் மிக நல்ல படமானது. அதை எடுத்தவரிடம் சொல்லத்தான் வழியில்லை.

பிற்பாடு படித்தபோது இன்னொருவர் கதையும் தெரிந்தது. ஜாக் ஹென்றி லார்டிக் என்ற பிரெஞ்சு இளைஞர், முதல் உலகப் போருக்கு முன்னால், கார் பந்தயம் ஒன்றில் ஒரு படம் எடுத்தார். காரோடு சேர்ந்து திரும்பியபடி எடுத்ததால் ரோட்டோரத்தில் நின்றவர்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்தார்கள். அந்தக் கால ஷட்டரின் பிளவு செங்குத்தாக நகர்ந்ததால் காரின் சக்கரம் முட்டை வடிவாகி முன்பக்கம் சாய்ந்தது. கார் பாதிதான் படத்துக்குள் இருந்தது. தேறாத படம் என்று அவரே பல பத்தாண்டுகள் ஒதுக்கி வைத்திருந்தார். 1963-ல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அவர் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது அவருக்கு அறுபத்தொன்பது வயது. இன்று வேகத்தைப் பற்றிய எந்தப் பேச்சிலும் அந்தப் படம் வந்துவிடுகிறது. அதைப் பார்த்த இரவு எனக்குச் சித்தப்பா நினைப்பாகவே இருந்தது.

நானும் இதைக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

தம்பியிடமே ஒரு பழைய கேமரா இருந்தது. நிக்கான் டி7000. 2010-ல் சந்தைக்கு வந்த மாடல். அவர் 2011-ல் வாங்கியது. மிரர்லெஸ் கேமரா வந்த பிறகு கல்யாண போட்டோக்காரர்கள் பலரும் இந்தப் பழைய வகை டி.எஸ்.எல்.ஆரைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார்கள். என் பள்ளிக்கூடக் காலத்தில், கறுப்பாகப் பெரிசாக லென்ஸ் நீட்டிக்கொண்டு நிற்கிற கேமராவைப் பத்திரிகைக்காரர்கள் கையில்தான் பார்க்க முடியும். தஞ்சாவூரில் ஒரு விழாவில் அப்படி ஒருவர் பின்னாலேயே அரை நாள் சுற்றியிருக்கிறேன். அதைவிடப் பல மடங்கு திறமையான கேமரா இப்போது ஒரு சாதாரண செல்போன் விலைக்குக் கிடைத்தது. உடம்பு மட்டும் 16,000 ரூபாய். 70-300 லென்ஸ் ஒன்று, அதுவும் பழையது, 12,000.

பழைய கேமரா வாங்குவது மாடு வாங்குவது போலத்தான். பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டும், நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும், சுழி பார்க்க வேண்டும். தம்பி ஒளிக்காமல் எல்லாம் காட்டினார்.

முதலில் ஷட்டர் கணக்கு. எத்தனை தடவை திறந்து மூடியது என்பதை நிக்கான் கேமரா எடுக்கிற ஒவ்வொரு படத்திலும் எழுதி வைக்கிறது. கம்ப்யூட்டரில் பார்த்தால் தெரியும். 1,12,000 சொச்சம் இருந்தது. இந்த மாடலின் ஷட்டரை 1,50,000 தடவைக்குச் சோதித்ததாக நிறுவனம் சொல்கிறது. அதைத் தாண்டியும் ஓடலாம், அதற்கு முன்னாலும் போகலாம். பத்து வருஷ முகூர்த்தங்கள் அந்த எண்ணுக்குள் இருந்தன.

அடுத்தது லென்ஸ். டெல்டாக்காரன் இதில் கண் வைத்தே ஆக வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் நம் வீட்டுச் சுவரே வியர்க்கிறது. லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்க வேறென்ன வேண்டும்? இருட்டு அறையில் லென்ஸின் ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து சாய்த்துப் பார்த்தேன். பூஞ்சை இருந்தால் பிடுங்கின நாற்றின் வேர் மாதிரி வெள்ளை இழை இழையாக, கிளை விட்டுத் தெரியும். இதில் இல்லை. முதலில் பார்த்த வேறொரு லென்ஸில் இருந்தது. அதை வேண்டாம் என்று வைத்துவிட்டேன். இப்போது மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, கேமராவையும் லென்ஸையும் அதற்குள்தான் வைக்கிறேன். அரிசிக்குள் புதைத்து வை என்று ஊரில் சொல்வார்கள். செய்யக் கூடாது. அரிசியில் மாவுத் தூள் உண்டு. அது ஒவ்வொரு இடுக்கிலும் போய் உட்காரும்.

பேட்டரி உப்பியிருக்கிறதா, கைப்பிடி ரப்பர் ஊறிக் கழண்டிருக்கிறதா, கார்டு போடுகிற இரண்டு வாயும் சரியாகப் படிக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சென்சாரில் தூசி பார்க்க வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்தோம். லென்ஸுக்குள் வெளிச்சம் நுழைகிற வாயை, அதாவது அபெர்ச்சரை, சுருக்காமல் எடுத்ததால் சுத்தமாகத் தெரிந்தது. அந்த ஒரு தப்பு பிறகு பாடமானது.

எடுத்துப் பழகத் தொடங்கியது புதாற்றுக் கரையில். கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். கரை ரோட்டில் டவுன் பஸ் வரும், மினி பஸ் வரும், நாற்றுக்கட்டு ஏற்றிய டி.வி.எஸ். எக்ஸ்.எல். வரும். முதல் வாரம் ஷட்டரை 1/1000 விநாடியில் வைத்து எடுத்தேன். எல்லாமே துல்லியமாக வந்தன. எல்லாமே ரோட்டில் நிறுத்தி வைத்த வண்டிகளாக இருந்தன.

ஏன் என்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பந்தய பைக் ஒன்று மணிக்கு 108 கிலோமீட்டரில் போனால் விநாடிக்கு 30 மீட்டர். டயரின் சுற்றளவு ஏறக்குறைய 2 மீட்டர் என்றால் சக்கரம் விநாடிக்குப் பதினைந்து சுற்று. 1/1000 விநாடியில் அது ஐந்து டிகிரி சொச்சம்தான் திரும்பும். ஆரக்கால் அப்படியே உறைந்து நிற்கும். 1/60 விநாடி என்றால் கால் சுற்று. அப்போதுதான் சக்கரம் சக்கரமாகச் சுழலும். மெதுவாகப் போகிற வண்டிக்கு ஷட்டரும் அந்த அளவுக்கு மெதுவாக வேண்டும். எக்ஸ்.எல். மணிக்கு 27 கிலோமீட்டரில் போனால் பந்தய பைக்கில் கால் பங்கு வேகம். 1/125-ல் பைக் தருகிற ஓட்டத்தை எக்ஸ்.எல்லில் கொண்டுவர 1/30-க்கு இறங்க வேண்டும். 1/30-ல் கை கொஞ்சம் பிசகினாலும் எல்லாம் குழம்பிவிடும். அப்படிப் பார்த்தால் டி.வி.எஸ். எக்ஸ்.எல்லை எடுப்பது பந்தய பைக்கை எடுப்பதைவிடக் கஷ்டமான பாடம். அதைக் கற்றுவிட்டால் மற்றதற்குப் பயப்பட வேண்டாம்.

1/30-க்கு இறங்கியதும் தூசி தெரிந்தது. உச்சி வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100-ல், அவ்வளவு மெதுவான ஷட்டருக்கு அபெர்ச்சரை எஃப் 20-க்கு மேல் சுருக்க வேண்டியிருந்தது. அபெர்ச்சர் சுருங்கச் சுருங்கச் சென்சார் மேலிருக்கிற ஒவ்வொரு துகளும் கறுப்புப் பொட்டாக விழும். கல்யாண மண்டபத்தில் அபெர்ச்சரை அகலத் திறந்தே எடுத்துப் பழகிய கேமரா. அதன் தூசியை யாருமே பார்த்திருக்க வாய்ப்பில்லை. புதாற்றுக்கு மேல் இருந்த வானத்தில் பதினேழு பொட்டு எண்ணினேன். ரப்பர் பம்பால் காற்றடித்ததில் பாதி போனது. மீதியைத் தம்பி ஈரக் குச்சி வைத்து எடுத்துக் கொடுத்தார். அதன் பிறகு வெளிச்சத்தைக் குறைக்கிற கண்ணாடி பில்டர் ஒன்றை லென்ஸ் முன்னால் மாட்டிக்கொண்டேன். ஷட்டரை மெதுவாக்க அபெர்ச்சரைச் சுருக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் போய்விட்டது. பழைய கேமரா வாங்குகிறவர்களுக்கு இன்று நான் சொல்வது இது: வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எஃப் 16-க்குச் சுருக்கி எடுத்துப் பாருங்கள். அது பொய் சொல்லாது.

உடம்புக்குத்தான் அதிக நாள் ஆனது. எந்த இடத்தில் அமுக்கப் போகிறோமோ அந்த இடத்தைப் பார்த்துப் பாதங்களை ஊன்ற வேண்டும். பிறகு வண்டி வருகிற பக்கமாக இடுப்பை முறுக்கிக் காத்திருக்க வேண்டும். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்க வேண்டும். வண்டி வந்ததும் முறுக்கு அவிழ்கிற மாதிரி திரும்பி, நேர் எதிரே அமுக்க வேண்டும். அமுக்கிய பிறகு நிறுத்தக் கூடாது. அதே வேகத்தில் தொடர்ந்து திரும்ப வேண்டும். கதிர் அடிக்கிறவர்களைச் சின்ன வயதில் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். கட்டு தலைக்கு மேலே போய் இறங்கும்போது, நெல் உதிர்கிற இடத்தில் கை நிற்காது. அதைத் தாண்டிப் போய்த்தான் ஓயும். அங்கேயே நிறுத்தினால் மணி உதிராது, தோள்தான் வலிக்கும். என் தாத்தாவின் தோளை நினைத்துக்கொண்டு திரும்பிய நாளில்தான் முதல் படம் சரியாக வந்தது. ஒரு மினி பஸ். ஜன்னலோரத்துப் பெண்ணின் கனகாம்பரம் தெளிவாக இருந்தது. பின்னால் சம்பா வயல் முழுக்க ஒரே பச்சைக் கோடாக ஓடியது.

அடுத்த தை மாசம் பட்டுக்கோட்டைப் பக்கம் மாட்டு வண்டிப் பந்தயத்துக்குப் போனேன். பெரிய மாடு, நடு மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று மாட்டைப் பார்த்துப் பிரிவு பிரிப்பார்கள். தூரத்தை இன்றும் மைலில்தான் சொல்கிறார்கள். போய் வர எட்டு மைல் என்றால் ஊருக்கே புரியும். வண்டியில் சாரதி ஒருவர், துணைச் சாரதி ஒருவர். தார் ரோடுதான் களம், ரெண்டு பக்கமும் தென்னை, ஜனங்கள் ரோட்டை ஒட்டியே நிற்பார்கள். அங்கே நான் கற்ற முதல் விஷயம் நிற்கிற இடம். வளைவில் வெளிப்பக்கம் நிற்கவே கூடாது; மிரண்ட மாடு நேராக வரும். உயரமான மதகுக் கட்டை ஒன்றைப் பிடித்துக்கொண்டேன். வியூபைண்டரில் ஒரு கண் இருக்கும்போது அடுத்த கண்ணை மூடக் கூடாது என்பதும் அங்கேதான் பழக்கமானது.

நடு மாட்டில் ஒரு சோடி, வெள்ளையும் மயிலையும், 1/40-ல் விழுந்தது. மாடுகளின் கண்ணும் மூக்கணாங்கயிறும் தெளிவு. கால்கள் புகை. சக்கரம் வெறும் வெள்ளை வட்டம். பிரிண்ட் போட்டு மாட்டுக்காரர் வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மகன் வாங்கிப் பார்த்து முகம் சுருங்கினான். "என்னங்க, சக்கரத்துல ஆரக்காலே காணோமே?"

திண்ணையில் இருந்த பெரியவர் படத்தைக் கையில் வாங்கி, கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"ஓடுற வண்டிக்கு ஆரக்கால் எங்கடா தெரியும்? நிக்கிற வண்டிக்குத்தான் தெரியும்" என்றார்.

எனக்குத் தொண்டை அடைத்தது. நான் ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டு எட்டிய இடத்தில் அவர் வாழ்நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுத் தொழுவத்தில் வண்டி மை வாசனை அடித்தது. சோழவரத்துக்கும் அந்தத் தொழுவத்துக்கும் நடுவில் தூரமே இல்லை என்று பட்டது. இன்ஜின் வருவதற்கு முன்னால் எங்கள் பக்கத்து மனுஷன் வேகத்தை மாட்டில்தான் அறிந்தான். டெல்டாவில் அந்த அறிவு இன்னும் தேயவில்லை.

அந்த வருஷம் மழைக்கு முன்னால் இருங்காட்டுக்கோட்டை போனேன். சோழவரம் ஓடுபாதைக்குப் பதிலாக அதே கிளப் ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் கட்டி, 1990-ல் திறந்த பந்தயப் பாதை அது. சுற்றுக்கு 3.7 கிலோமீட்டர், பன்னிரண்டு வளைவுகள். கோயம்புத்தூர்ப் பையன் நரேன் கார்த்திகேயன் 1990-களின் தொடக்கத்தில் கார் பந்தயத்தில் கால் வைத்த இடம். 2005-ல் அவர் பார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரானார். சென்னைக்காரர் கருண் சந்தோக் 2010-ல் இரண்டாவதாகப் போனார். பைக்கில் சரத் குமார், 2011-ல் உலகச் சாம்பியன்ஷிப் கிராண்ட் பிரீயில் ஓட்டியவர், அவரும் சென்னைப் பையன். இந்தியாவின் பந்தய வரலாற்றில் பாதியை இந்தத் தார்ச் சாலையில் நின்றே பார்த்துவிடலாம்.

தஞ்சாவூரில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறி, விடியலில் தாம்பரத்தில் இறங்கி, ஸ்ரீபெரும்புதூர் பஸ் பிடித்தேன். தேசிய மோட்டார் சைக்கிள் சாம்பியன்ஷிப்பின் ஒரு சுற்று நடந்துகொண்டிருந்தது. பாதையோரம் நின்று எடுக்கப் பத்திரிகை அட்டை வேண்டும். புதிதாக வருகிறவனுக்குப் பார்வையாளர் பகுதிதான், கம்பி வலைக்கு இந்தப் பக்கம்தான். அது குறையில்லை. வலையை மறைய வைக்க லென்ஸை அதை ஒட்டி வைத்து, அபெர்ச்சரை அகலத் திறக்க வேண்டும். பேனிங்குக்கோ மெதுவான ஷட்டர் வேண்டும். மெதுவான ஷட்டர் அபெர்ச்சரைச் சுருக்கச் சொல்லும். சுருக்கினால் வலை படத்தில் சாம்பல் நிறமாக எட்டிப் பார்க்கும். இந்த இழுபறியில் அரை நாள் போனது. பில்டர் பாதி கைகொடுத்தது. மீதிக்கு, வலைக்கு மேலே பார்வை போகிற படிக்கட்டு ஒன்றைத் தேடி நடந்தேன்.

இன்னொன்றும் அங்கே தெரிந்தது. பதினொரு மணிக்கு மேல் தார் கொதித்துக் கானல் எழும். 300 மில்லிமீட்டர் லென்ஸில் தூரத்து பைக் தண்ணீருக்குள் மிதப்பதுபோல் நெளியும். எந்த விலைக் கேமராவும் அதைச் சரிசெய்யாது. காலை எட்டரைக்குள்ளும் மாலை நாலரைக்கு மேலும் எடுப்பதுதான் வழி. நடுவில் கிட்டத்தில் வருகிறவற்றை எடுக்கலாம். வயலுக்குப் போகிறவன் நேரம் பார்ப்பது மாதிரிதான் இதுவும்.

டி7000-க்கு ஒரு எல்லை உண்டு. விநாடிக்கு ஆறு படம் எடுக்கும். ஆனால் முழுத் தரத்தில் எடுத்தால் பத்துப் பதினொரு படத்தோடு மூச்சு வாங்கும். கார்டில் எழுதி முடிக்கிறவரை விரல் காத்திருக்க வேண்டும். முதல் பந்தயத்தில் முன்னணிக் கூட்டம் வளைவுக்குள் வருவதற்கு முன்பே அவசரப்பட்டு அமுக்கிவிட்டேன். இரண்டு விநாடிக்குள் பதினொரு படம். கேமரா நின்றது. ஆறு பைக்கும் முழங்கால் தரையில் உரச, ஒன்றோடு ஒன்று தோள் இடித்துச் சாய்ந்து போன கணத்தை என் வெறும் கண் பார்த்தது.

அப்போதுதான் சித்தப்பாவின் பன்னிரண்டு படம் நினைவுக்கு வந்தது. அவருக்கு ஒரு பயணம் முழுக்கவே பன்னிரண்டு. எனக்கு இரண்டு விநாடிக்குப் பதினொன்று. அவர் நாலு படம் என்று கணக்கோடு போனதால் அந்தச் சிவப்பு பைக்குக்காகக் காத்திருந்தார். அதனால் அவர் உடம்பு அதோடு திரும்பியது. மதியத்துக்கு மேல் நானும் கணக்கு வைத்துக்கொண்டேன். ஒரு சுற்றுக்கு இரண்டே இரண்டு தடவை அமுக்குவது. மற்ற நேரம் வெறுமனே பார்ப்பது: யார் எங்கே பிரேக் பிடிக்கிறார், யார் உள்பக்கம் நுழையப் பார்க்கிறார், வெயில் எந்த வளைவில் ஹெல்மெட் கண்ணாடியில் விழுகிறது. கல்யாண போட்டோக்காரத் தம்பியும் இதைத்தான் சொல்லியிருந்தார்: "கெட்டிமேளம் கேட்டப்புறம் கேமராவைத் தூக்கினா தாலி படம் கிடைக்காதுண்ணே. ஐயர் தலையை நிமிர்த்தறப்பவே விரல் தயாரா இருக்கணும்." பத்து வருஷம் முகூர்த்தத்துக்குக் காத்திருந்த கேமராவுக்கு அது தெரியும். எனக்குத்தான் தெரிய வேண்டியிருந்தது.

1/250-ல் தொடங்கி, 1/160, 1/125 என்று இறங்கி, கடைசிப் பந்தயத்தில் 1/60 வைத்தேன். அன்றைக்கு மொத்தம் 640 படம். வீட்டுக்கு வந்து தேறியவை பதினொன்று. அதில் 1/60-ல் எடுத்தது ஒன்றே ஒன்று. ஓட்டுகிறவரின் கண்ணாடி, கையுறை, வண்டி எண் தெளிவாக இருந்தன, மற்றதெல்லாம் கோடு.

2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரைக் கிலோமீட்டர் தெருவில் இரவுப் பந்தயம் நடந்தது. முந்தைய டிசம்பரில் நடக்க வேண்டியது, மிக்ஜாம் புயலால் தள்ளிப்போயிருந்தது. தெருவிளக்கும் ஃப்ளட் லைட்டும் மின்ன, கார்கள் சிவானந்தா சாலை வழியாகப் பாய்வதைப் பார்த்தபோது இரவு வெளிச்சத்தில் என் பழைய கேமரா திணறும் என்று தெரிந்தது, ஐ.எஸ்.ஓ. 3200-க்கு மேல் அதில் புள்ளி புள்ளியாக இரையும். புதுக் கேமரா வாங்கலாமா என்று மனசு ஒரு வாரம் கிடந்து அலைந்தது. பிறகு அடங்கிவிட்டது. பகல் வெயிலில், 1/60-ல், இதனால் முடியாதது ஒன்றும் இல்லை. முடியாமல் போவது என்னால்தான்; அதற்கு மருந்து கடையில் இல்லை, புதாற்றுக் கரையில் இருக்கிறது.

இன்றும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கரைக்குப் போகிறேன். போன மாசம் பக்கத்து வீட்டுப் பையன் கூட வந்தான், ஒன்பதாவது படிக்கிறான். ஒரு எக்ஸ்.எல்லை எடுத்து முடித்ததும் எட்டிப் பார்த்தான்.

"பெரியப்பா, படம் ஆடிப்போச்சே."

1987-ல் ஸ்டூடியோக்காரர் சொன்ன அதே சொல். எனக்கு ஒரு கணம் ஒன்றும் ஓடவில்லை. திரையில் படத்தைப் பெரிதாக்கி, ஓட்டிப் போனவரின் முகத்துக்குக் கொண்டுபோய் அவனிடம் காட்டினேன். நெற்றியில் விபூதிப் பட்டை மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. அப்புறம் மெதுவாகப் பின்னால் வந்தேன். கரை, தண்ணீர், மூங்கில் புதர் எல்லாம் கோடு.

"அவரு ஆடல," என்றான் கொஞ்ச நேரம் கழித்து. "ஊருதான் ஆடுது."

கேமராவை அவன் கழுத்தில் மாட்டினேன். பாதத்தை எங்கே ஊன்றுவது, முழங்கையை எங்கே ஒட்டுவது, அமுக்கிய பிறகும் ஏன் நிறுத்தக் கூடாது என்று காட்டினேன். ஒரத்தநாடு பஸ்ஸின் ஹாரன் மதகுக்கு அந்தப் பக்கம் கேட்டது. அவன் இடுப்பை முறுக்கிக்கொண்டு நின்றான். பஸ் வந்தது, அவனை இழுத்துக்கொண்டு போனது. அது கண்ணை விட்டு மறைந்த பிறகும் அவன் திரும்பிக்கொண்டேதான் இருந்தான்.